எண் ஒன்றை அழுத்தவும்

1

உலகில் தொலைபேசிக்கு நல்ல தமிழ் கற்றுக்கொடுத்த முதல் மனிதன் ஜோயல். இதில் சந்தேகம் உள்ளவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம். மற்றவர்கள் மேலே வரலாம்.

(வருமுன் ஓர் உண்மை. இந்தக் கதையை எழுதுபவனும் ஜோயல்தான். 'நான்' என்று எழுதிப் பார்த்தான், தற்பெருமை தாங்கவில்லை. 'அவன்' என்று மாற்றியதும் அதே பெருமை வரலாறு போல ஒலித்தது.)

கதை பிறந்த இடம் அவனுடைய மாமா வைகுண்டராஜின் பேண்டேஜ் துணிக் கம்பெனி. அலுவலகம் ராஜபாளையத்தில், சரக்குக் கிட்டங்கி ஸ்ரீவில்லிபுத்தூரில். இரண்டுக்கும் சேர்த்து இன்டர்நெட் போன் போட முடிவானது. கல்லூரி விடுமுறையில் சும்மா இருந்த ஜோயலிடம் பொறுப்பு வந்தது.

2

தொடக்கம் அ: அலுவலகத்தில் மயான அமைதி நிலவ—

(நிலவவில்லை. பின்கட்டில் தறி ஓடுகிறது.)

தொடக்கம் ஆ: போன் அடித்தது. அவன் பாய்ந்து—

(பொய். முதல் வாரம் அது அடிக்கவே இல்லை. பிறகு அடித்தது, அவர்கள் பேசியது நமக்குக் கேட்டது, நாம் பேசியது அவர்களுக்குக் கேட்கவில்லை. போன் இணைப்புக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டால் ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். அணைத்தால் அவர்களோடு பேசிக்கொண்டிருந்த போனும் சேர்ந்து அணைந்தது.)

ஒருவழியாக எல்லாம் சரியானதும், கூப்பிடுபவர்களை வரவேற்கும் குரலைப் பதிய வேண்டியிருந்தது. இத்தனை வருடமும் போன் எடுத்தவள் ஜாஸ்மின் அக்கா. அவள் ஒரு யோசனை சொன்னாள்.

"'அண்ணாச்சி, வெல கேக்கணும்னா ஒண்ணாம் நம்பர அமுக்குங்க'ன்னு போடுவமா?"

"இது கம்பெனி, அக்கா. சந்தைக்கடை இல்ல."

ஜோயல் தொண்டையைச் சரிசெய்துகொண்டு தானே பதிந்தான்: "விலை அறிய எண் ஒன்றை அழுத்தவும். ஆர்டர் தர எண் இரண்டை அழுத்தவும்." ஒன்றும் இரண்டும் ஜாஸ்மினின் மேசைக்கு வரும். மற்ற எண்கள் கிட்டங்கிக்குப் போகும்.

3

அதன் பிறகு ஜாஸ்மினின் மேசையில் போன் அடிக்கவில்லை. ஆர்டரும் வரவில்லை.

"யாவாரம் மந்தம். மெசினும் வந்தாச்சு," என்றார் வைகுண்டராஜ். "பொறவு இந்தப் புள்ளைக்கு இங்க என்ன வேல, மாப்ள? மாசக் கடைசியோட நிப்பாட்டிருவோம்."

அவள் காதில் விழுந்தது.

(இந்த இடத்தில் ஜாஸ்மின் அழுவதாக எழுதியிருந்தான். அவள் அழவில்லை. பேண்டேஜ் துண்டு ஒன்றை எடுத்துப் போனைத் துடைத்தாள். "ஏலே, நீ படிச்சு முடிச்சு எத்தன பேரத் தூக்கப் போற?" என்று கேட்டாள். பதிலாக மூன்று வாக்கியங்கள் எழுதி மூன்றையும் அடித்துவிட்டான்.)

4

முடிவு அ: ஜாஸ்மின் கைப்பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பாராமல்—

முடிவு ஆ: மாமா மனம் மாறி, கண்களில் நீர்—

(மாமாவை உங்களுக்குத் தெரியாது.)

இரண்டுமே உருப்படாமல் ஜோயல் உட்கார்ந்திருந்தபோது, கதாசிரியனைக் கேட்காமலே கதைக்குள் நுழைந்தார் வேதமணி. நாகர்கோவிலில் மருந்துக்கடை வைத்திருப்பவர், பழைய வாடிக்கை. பஸ்ஸில் வந்த கோபம் முகத்தில் இருந்தது.

"ஏம்வே, கம்பெனிய மூடிட்டீரா?"

"மூடலையே அண்ணாச்சி!" என்று எழுந்தார் வைகுண்டராஜ்.

"போன் போட்டா 'இங்க யாரும் இல்ல'ங்கான் ஒருத்தன். செல்லுல அடிச்சா நீரு எடுக்க மாட்டீரு!"

அந்த ஒருத்தன் கிட்டங்கிக் காவலாளி பேச்சிமுத்து. அவர் பொய் சொல்லவில்லை. அங்கே அவரைத் தவிர யாரும் இல்லை.

"நீங்க எந்த நம்பர அமுக்குனிய?" என்றாள் ஜாஸ்மின்.

"எண் ஒன்ற அழுத்தச் சொன்னாம்லா? ஏதோ ஒண்ணுதானன்னு ஒம்பத அழுத்துனேன், அது நமக்கு ராசி. யாரும் இல்லன்னு வச்சிட்டான். மறுக்கா போன் போட்டா, ஆர்டருக்கு எண் ரெண்ட அழுத்துன்னான். ஏழையும் ஆறையும் அழுத்துனேன். அப்பவும் அதே பயதான்!"

ஜாஸ்மின் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் நகர்ந்தது. "நீங்க செஞ்சது சரிதான் அண்ணாச்சி. இவன் தமிழு அப்படி."

மாமா மற்ற வாடிக்கைக்காரர்களை வரிசையாகக் கூப்பிட்டுக் கேட்டார். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த எண்ணை அழுத்தியிருந்தார்கள். ஒருவர் மகள் பிறந்த தேதியையே அழுத்தியிருந்தார். எல்லாருக்கும் பேச்சிமுத்து ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தார்.

"யாவாரம் மந்தமில்ல, மாப்ள. நீதான் மந்தம்," என்றார் மாமா. அப்புறம் குரலை இறக்கி, "ஏட்டி ஜாஸ்மினு, நீ எங்கயும் போக வேணாம். மொதல்ல அண்ணாச்சி ஆர்டர எழுது."

ஜோயலுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. திட்டு வாங்கி இவ்வளவு நிம்மதி அடைந்தவன் விருதுநகர் மாவட்டத்திலேயே வேறு யாரும் இருக்க முடியாது. (இதையும் வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.)

5

ஜோயல் ஜாஸ்மினிடம் மன்னிப்புக் கேட்டானா? இதை எழுத அவன் சம்மதிக்கவில்லை. கேட்டான் என்று வைத்துக்கொள்வதும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். கதை இங்கே முடிகிறது.

(மறுநாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அவன் துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். போனை வாயருகே வைத்து, வெளியே கேட்காத குரலில் பதிந்தான்:

"அண்ணாச்சி, வெல கேக்கணும்னா ஒண்ணாம் நம்பர அமுக்குங்க. ஆர்டருன்னா ரெண்டாம் நம்பர அமுக்குங்க. ஒண்ணும் வெளங்கலன்னா எதையும் அமுக்காம செத்த நேரம் சும்மா இருங்க. அக்காவே எடுப்பாவ.")