கோடு போட்ட பெயர்கள்

எங்கள் குடும்ப நோட்டை நாற்பது வருடமாக நான்தான் எழுதி வருகிறேன். மகன், மகனின் மகன் என்று ஐந்து தலைமுறை. பெண்ணைக் கட்டிக்கொடுத்த அன்றே அவள் பெயர்மேல் ஒரு கோடு விழும். அவள் பிள்ளைகள் வேறு வீட்டுப் பிள்ளைகள். அதில் எனக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை.

அந்த நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் ரத்தநோய் டாக்டரிடம் போனேன். காலஞ்சென்ற என் அக்காவின் மகள் கூட வந்தாள். அவளுடைய பதினோரு மாதப் பையன் தவழ்ந்தாலே முழங்கால் கன்றிப்போகிறது. ரத்தம் உறையாத நோய், ஹீமோபிலியா என்றார்கள். "உங்க வீட்டுச் சீக்கு" என்று அவள் மாமியார் நாலு பேர் முன்னால் சொன்னாளாம். எங்களைப் பார்த்தா? அது அவர்கள் பக்கத்து நோய் என்று எழுதி வாங்காமல் திரும்புவதில்லை என்றே கிளம்பினேன்.

டாக்டர் என் மகளைவிடச் சின்னவர். நோட்டைப் புரட்டினார்.

"இதுல பொம்பளைங்க பேரையெல்லாம் அடிச்சிருக்கீங்களே ஐயா?"

"எங்க வழக்கம் அது."

"சில நோய் அம்மா பக்கமும் வரும், அப்பா பக்கமும் வரும். ஆணு பொண்ணுன்னு பார்க்காது. இது அப்படி இல்ல. எக்ஸ் குரோமோசோம்ல உட்கார்ந்திருக்கு. பையனுக்கு அப்பா கொடுக்கிறது ஒய். எக்ஸ் அம்மாகிட்ட இருந்துதான் வரணும். அம்மாவுக்கு ரெண்டு எக்ஸ், ஒண்ணு பழுதானா இன்னொண்ணு தாங்கிடும். பையனுக்கு இருக்கிறதே ஒண்ணு." பேனாவைத் திறந்தார். "உங்க பக்கம் சின்ன வயசுல ரத்தம் நிக்காம யாராவது போயிருக்காங்களா?"

"யாரும் இல்ல."

"சின்ன மாமா எப்படிச் செத்தாரு, மாமா?" என்றாள் அக்கா மகள்.

"படியில விழுந்து."

"அம்மா சாகறதுக்கு முன்னால வேற மாதிரி சொன்னாங்களே."

பிள்ளை அவள் மடியில் நீலம் பாரித்த காலை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது.

"தம்பிக்குப் பல்லு பிடுங்கினோம். ஆஸ்பத்திரியில வெச்சும் மூணு நாள் ரத்தம் நிக்கல" என்றேன்.

வீட்டில் சீக்கு என்று தெரிந்தால் பெண்களை யார் கட்டுவார்கள் என்று அப்பா படிக்கட்டுக் கதையைக் கட்டினார். பதினாலு வயதில் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தவன் நான். ஐம்பது வருடம் காத்துவிட்டேன்.

"அப்போ உங்க அம்மாகிட்ட இருந்திருக்கு. உங்களுக்கு நல்ல எக்ஸ் வந்துடுச்சு, உங்க பிள்ளைகளுக்குப் பயமில்ல. அக்கா தங்கச்சிங்க வழியைத்தான் பார்க்கணும். வேற யாரு இருக்காங்க?"

தங்கை இருந்தாள். மெக்கானிக் ஒருவனைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டவள். அவள் பெயருக்கு மட்டும் இரண்டு கோடு போட்டேன். முப்பது வருடமாகப் பேச்சு இல்லை.

"சித்தி மகளுக்கு இது நிறைமாசம், மாமா."

"பிரசவத்துக்கு முன்னாலயே தெரியணும்" என்றார் டாக்டர். "ஆயுதம் போட்டு இழுத்தா குழந்தைக்குத் தலைக்குள்ள ரத்தம் கசியலாம்."

"சித்திக்கு போன் பண்ணட்டுமா, மாமா?"

"போன்ல சொல்ற விஷயமா இது? நானே போறேன்."

தங்கை தன் தையல் கடையில் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அடடா, பெரிய மனுஷர்! வழி தவறிட்டீங்களா? சட்டை அளவா, பேன்ட் அளவா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா, எக்ஸ், தம்பியின் பல், அவள் மகள். மெஷின் நின்றது.

"படியில விழலயா?"

"விழல."

"அவனைப் பார்த்துக்கோன்னு என்கிட்டதான் விட்டுட்டுப் போனாங்க. நான் விளையாடிட்டு வர்றதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. என்னாலதான் விழுந்தான்னு இத்தனை வருஷம்..." கத்தரியைத் தள்ளி வைத்தாள். "உனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கல."

"திறக்கல."

"நல்லா இருக்குண்ணா உன் மானம்." நூலைப் பல்லால் அறுத்தாள். "இப்ப சண்டை போட நேரமில்ல. பிரசவம் முடியட்டும், வெச்சுக்கறேன். ஏன் மரம் மாதிரி நிக்கற? நட, ஆஸ்பத்திரிக்கு."

பிரசவப் பகுதியின் கவுன்டரில் நல்ல கூட்டம். நிறைமாத வயிற்றோடு வந்த என் தங்கை மகள் என்னை முதல்முறையாகப் பார்த்தாள், நானும்தான். நர்ஸ் படிவத்தை எடுத்தார்.

"குடும்பத்துல இந்த நோய் யாருக்கு?"

"என் தம்பிக்கு. ஆறு வயசுல. பல்லு பிடுங்கி, ரத்தம் நிக்காம செத்துட்டான்."

"சத்தமாச் சொல்லுங்க பெரியவரே, காதுல விழல."

கூடம் முழுவதும் கேட்கும்படி மறுபடி சொன்னேன்.