திரும்பி வராத டப்பாக்கள்

பேட்டையில் நான் இட்லி மாவு ஆட்டி விற்கிறேன். நானும் என் வீட்டுக்காரர் ஹசன் அலியும்தான் கடை. வேறு ஆள் கிடையாது.

போன டிசம்பரில் ஊருக்குள் வந்த வெள்ளம் வடிந்ததும் கடைக்குப் பின்னால் சாக்கடையைத் தோண்டினார்கள். மண்வெட்டியில் வந்ததெல்லாம் பிளாஸ்டிக் கவர். அதிலும் பாதி ‘கமர் மாவு’ என்று என் பெயர் அச்சடித்தது. தோண்டியவர் ஒன்றைத் தூக்கிக் காட்டி, “ஒங்க சரக்குதாம்மா” என்றார். நாலு பேர் முன்னால் எனக்கு மானம் போயிற்று. தெருவெல்லாம் தண்ணீர் ஏறியதில் என் பங்கும் இருந்திருக்கிறது.

ரோஷம் வந்தால் எனக்கு முன்பின் தெரியாது. வளையலை விற்று, மூடி போட்ட எவர்சில்வர் டப்பா இருநூறு வாங்கிப் பெயர் வெட்டினேன். மாவை டப்பாவில் வாங்கிப் போங்கள், காலி டப்பாவைக் கொடுத்துவிட்டு அடுத்த மாவு வாங்குங்கள் என்று சொன்னேன். கவர் கிடையாது.

“ஒனக்குக் கோட்டிதான் பிடிச்சிருக்கு. போன டப்பா திரும்பி வருமா?” என்றார் ஹசன் அலி. “வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குள்ள பாதியாவது வரணும். இல்லன்னா நான் கவர் வாங்கிருவேன், பாத்துக்கோ.”

முதல் இரண்டு நாள் பெருமையாக இருந்தது. பிறகு அலமாரி காலியாக ஆரம்பித்தது. வருகிறவர்களெல்லாம் “டப்பா நாளைக்குத் தாரேன்க்கா” என்று சொல்லி இன்னொன்றை வாங்கிப் போனார்கள். மறுக்கவும் முடியவில்லை, மாவு புளித்துக்கொண்டிருக்கிறது. புதன்கிழமை பார்த்தால் திரும்பியது பதினோரு டப்பா. ஹசன் அலி அலமாரியை எண்ணிவிட்டு, கவர் விற்கிறவர் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

அன்று மத்தியானம் வாடிக்கையாளர் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பினேன். “டப்பாவ அமுக்கிட்டு இருக்கவங்களுக்குச் சொல்லுதேன். அது ஓசில வந்ததில்ல. இந்தக் கோமு மொத நாள் வாங்குனா, அதுக்குப் பொறவு ஆளையே காணும். திருடித்தான் பொழைக்கணுமா?”

கோமு பீடி சுற்றுகிறவள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு டப்பா. ஐந்தாறு வைத்திருந்த பெரிய வீட்டுக்காரர்கள் பெயரை நான் சொல்லவில்லை. சொன்னால் வியாபாரம் போய்விடும் என்பது அந்தக் கோபத்திலும் எனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் பொறுக்க முடியாமல் பிரம்மநாயகி மதினி வீட்டுக்கே போய்விட்டேன். ரிட்டயர்டு டீச்சர், ஆறு டப்பா பாக்கி. சமையலறையில் ஆறும் பளிச்சென்று கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

“இங்கனதான இருக்கு, ஏன் மதினி தரல?”

“வெறும் பாத்திரத்த எப்படிம்மா திருப்பிக் குடுக்க? ஞாயித்துக்கிழமை சீடை சுடுவேன், டப்பாவுக்கு நாலு போட்டுத் தரலாம்னு வச்சிருக்கேன். ஒங்க வீட்டுல அப்படியே குடுத்துருவீயளா?”

குடுக்க மாட்டோம். என் உம்மா ஒரு கிண்ணத்தைக்கூட வெறுமனே திருப்பித் தந்ததில்லை. கடை டப்பாவையும் ஜனங்கள் அப்படித்தான் நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஓடி வந்து இன்னொரு செய்தி போட்டேன். “சீடையும் வேண்டாம், பாயாசமும் வேண்டாம். ஒரு இணுக்கு கறிவேப்பிலை போட்டுத் தாங்க, போதும்.” முந்தைய செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து டப்பாக்கள் வந்தன. கறிவேப்பிலை, கல்லுப்பு, முருங்கைக் கீரை, ஒருத்தி இரண்டு எலுமிச்சம்பழம். பன்னிரண்டு மணிக்குள் அலமாரி முக்காலும் நிறைந்தது. ஹசன் அலி தொப்பியை எடுத்துக்கொண்டு, “சரி, இனி கவர் பேச்ச எடுக்கல” என்று சிரித்தபடி பள்ளிவாசலுக்குக் கிளம்பினார். ஒரு வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அவர் போனபின் கோமு வந்தாள். படியேறவில்லை. தெருவில் நின்றே டப்பாவை நீட்டினாள். உள்ளே ஒரு பிடி ரேஷன் அரிசி.

“பிள்ளைக்குக் காய்ச்சல்க்கா, ஆஸ்பத்திரில கெடந்தோம். வீட்டுல போட்டுத்தர இதான் இருந்துச்சு.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. “தப்பாப் பேசிட்டேன் கோமு, மன்னிச்சிரு” என்றேன். அவசரமாக ஒரு டப்பா நிறைய மாவு ஊற்றி, மூடி, அவளிடம் நீட்டினேன். “பிள்ளைக்கு இட்லி அவிச்சுக் குடு.”

அவள் கையை நீட்டவில்லை.

“டப்பா வேண்டாம்க்கா, பயமா இருக்கு. பழைய கவர் இருந்தா அதுல ஊத்தித் தாங்க.”