என் மூஞ்சிக்கு வரும் இங்கிலீஷ்

பிரெஞ்சு பேசும் மீனவ ஊரான ஷெட்டிகாம்பில் நான் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மொழி மாறிவிடும். பத்துப் பேர் பிரெஞ்சில் கத்திச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். என் தலை தெரிந்ததும் அத்தனை பேரும் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார்கள். மரியாதையாம். நான் இதே கரையில் இங்கிலீஷ் பேசும் ஊரான மபூவில், ஸ்காட்டு வம்சத்தில் பிறந்தவன், டங்கன். பன்னிரண்டு வருடமாக லியோனியின் கணவன். இவர்கள் பிரெஞ்சைக் கற்றும் விட்டேன். ஆனால் நான் பிரெஞ்சில் ரொட்டி கேட்டால் பதில் இங்கிலீஷில்தான் வரும். இந்த மரியாதையைத் தூக்கிக் கடலில் போட்டால் என்ன என்று இருக்கும்.

மாமனார் அனிசே இன்னும் மோசம். என்னிடம் அவர் பேசுவது காற்றைப் பற்றி, இல்லாவிட்டால் சிங்கி இறால் விலையைப் பற்றி. பிறகு எழுந்து படகைப் பார்க்கப் போய்விடுவார். என்னைப் பிடிக்கவில்லை, வேறென்ன? தூரத்து நகரமான ஹாலிஃபாக்ஸில் எனக்கு வேலை கிடைத்ததும், கிளம்பிவிடலாம் என்று லியோனியிடம் சொன்னேன்.

"அப்பா உடைஞ்சு போயிடுவாரு," என்றாள் லியோனி.

"உங்கப்பாவா? நான் போனாக்கூட அவரு கவனிக்க மாட்டாரு."

அவள் என்னை முறைத்தாள். "நாளைக்கு மிகாரெம். முகத்தை மூடிட்டு அவர் வீட்டுக்குப் போ. உன் மூஞ்சியைப் பார்த்தாத்தான் எங்க ஆளுங்களுக்கு இங்கிலீஷ் வருது."

தவக்காலத்தின் நடுவில் வரும் மிகாரெமில் பாதி ஊர் முகமூடி மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகும். மீதிப் பாதி வீட்டில் உட்கார்ந்து வந்தவர் யார் என்று கண்டுபிடிக்கும். பிடிபடும்வரை போனவர் சொந்தக் குரலில் பேசக்கூடாது. நான் லியோனியின் சித்தப்பா மகன் லூபெனின் மழைக்கோட்டையும் பூட்ஸையும் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்ததும் மாமியார் சிரித்தார். "லூபென்தான். அந்த பூட்ஸ் நாத்தத்தை எங்கேயும் கண்டுபிடிச்சிடலாம்."

நான் தலையை ஆட்டி மறுத்தேன். யாரும் நம்பவில்லை. மாமியார் மிட்டாய் எடுக்க உள்ளே போனார். அனிசே நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, பிரெஞ்சில் ஆரம்பித்தார்.

"மறைச்சது போதும்டா லூபென். உட்காரு. உன் அக்கா ஹாலிஃபாக்ஸ் போறாளாமே, தெரியுமா?"

தலையாட்டினேன்.

"அவ போனாக்கூடப் பொறுத்துப்பேன். அந்தப் பையன் போறதுதான் தாங்கலை. போன சூறைக்காத்துல கூரை பிய்ஞ்சப்போ, நான் கூப்பிடாமலே ஏணியைத் தூக்கிட்டு வந்து நின்னான். அன்னிக்கு நன்றின்னுகூடச் சொல்லலை."

நான் முகமூடியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"அவன்கிட்டயே சொல்லலாமேன்னு கேப்ப. எப்படிடா சொல்றது? இங்கிலீஷ்ல எனக்கு இறால் விக்கத்தான் தெரியும். போகாதேன்னு சொன்னா அதட்டுற மாதிரி விழும். அவன் எதிர்ல பிரெஞ்சு பேசினா மரியாதை இல்லை. அதான் எழுந்து போயிடறேன்."

இவ்வளவு பேசக்கூடிய மனிதர் பன்னிரண்டு வருடமாக என் எதிரில் ஊமையாக உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"எங்கிட்ட பிரெஞ்சுலயே சொல்லுங்க மாமா," என்றேன், பிரெஞ்சில்.

என் உச்சரிப்பு காட்டிக்கொடுத்துவிட்டது. முகமூடியைக் கழற்றினேன். மிட்டாய்த் தட்டோடு வந்த மாமியார் அப்படியே நின்றார். "டங்கன், காபி வேண்டுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். அனிசேயும் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"காற்று," என்றார் இங்கிலீஷில். "மிகவும் பலம்."

அவ்வளவுதான், பழையபடி ஆகிவிட்டது என்று எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்தார். என் மடியிலிருந்து விழுந்த முகமூடியைக் குனிந்து எடுத்து, தூசி தட்டி, நீட்டினார்.

"போட்டுக்கோ," என்றார் பிரெஞ்சில். "நான் இன்னும் முடிக்கலை."

போட்டுக்கொண்டேன். அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"எங்க விட்டேன்?"

"போகாதேன்னு சொல்ல வந்தீங்க."

"ஆமா," என்றார். "போகாதே."