நாற்பத்திரண்டு வீடு

"இது உங்க புள்ள எழுதனதுதானேம்மா?"

இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். கையில் கண்ணாடி விரிசல் விட்ட செல்போன். காசிம் பீவிக்கு அவள் யாரென்று பிடிபடவில்லை.

"யாரும்மா நீ? காலங்காத்தால இன்னா வோணும்?"

"எம் பேரு இசைவாணி. உங்க ஜவுளிக்கடையில வேலை செய்யற ஜெயம்மாவோட பொண்ணு. தியாகதுருகத்துலேர்ந்து மொத பஸ்ஸு புடிச்சி வர்றேன். இத மட்டும் படிச்சிப் பாருங்க."

உள்ளே சுபைர் இடியாப்பத்தில் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டிருந்தான். ஜெயம்மா என்ற பெயர் காதில் விழுந்ததும் கை அப்படியே நின்றது.

காசிம் பீவிக்கு எழுத்து தெரியாது. மருமகளைக் கூப்பிட்டாள். "அப்சானா, இத இன்னான்னு படி."

அப்சானா போனை வாங்கினாள். கடைக் கேமராவில் பிடித்த படம். புடவைக் கட்டுகளுக்கு நடுவே ஒரு அம்மாள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"'இது கடையா, சத்திரமா? தூங்கறதுக்கா சம்பளம்? எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க'ன்னு போட்டிருக்கு மாமி."

"மேல இன்னும் இருக்குதா?"

அப்சானா விரலால் தள்ளினாள். "'மூணாம் நம்பர் கவுன்ட்டர் எருமை மாதிரி அசையுது.' அப்புறம்... 'பாத்ரூம் போறதுக்கு அஞ்சு நிமிசம். அதுக்கு மேல வோணும்னா வூட்லயே இருந்துக்குங்க.'" கடைசி வரியை மாமியாரைப் பார்க்காமலே வாசித்தாள்.

சுபைர் எச்சில் கையோடு வாசலுக்கு வந்தான். "இது கடை குரூப்பு. கடைக்குள்ள இருக்கற விசயம். ஒங்கம்மா நம்பருக்குத்தானே போட்டேன்? நீ எதுக்கு இங்க தூக்கிக்கினு வந்த?"

"எங்கம்மாவுக்கு ஏது சார் இந்த மாதிரி போனு? அது வச்சிருக்கறது பட்டன் போனு. வாட்ஸப் நம்பர் குடுத்தாத்தான் வேலைன்னு சொன்னீங்க. எங்க வூட்டுக்காரரு நம்பரக் குடுத்துச்சி. அந்தப் போனு எந்நேரமும் எங்க மாமியா கையிலதான் இருக்கும். முந்தாநேத்து தெருவுல ஒரு வூடு வுடாம காட்டிட்டாங்க. 'உங்காத்தா பொழப்பப் பாருடி, கடையில போய்ப் படுத்துக்கினு இருக்கா'ன்னு." அவள் மூச்சு வாங்கினாள். "எங்கம்மா ரெண்டு நாளா சரியா சோறு திங்கல. இனிமே கடைக்கு வராது. அதச் சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்."

போனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் சுபைருக்குப் பதில் சொல்ல வந்திருக்கும்.

காசிம் பீவி மகனைப் பார்த்தாள். "அந்தக் குரூப்புல எத்தினி பேரு?"

"நாப்பத்திரெண்டு பேரும்மா."

"நாப்பத்திரெண்டு வூடுன்னு சொல்லு."

இடியாப்பம் தட்டிலேயே ஊறிப்போனது.

போன வருடம் சேலத்தில் ஒரு ஹோட்டலில் வியாபாரிகளுக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. கோட்டு போட்ட ஒருவர், "ஊழியர்களோடு தினமும் பேசுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சுபைர் அன்று சாயங்காலமே குரூப் தொடங்கிவிட்டான். அதற்குப் பிறகு கடைத்தளத்தில் அவன் கால் வைத்தது குறைவு. மாடி அறையில் பதினாறு திரைகள். பார்ப்பான், படம் பிடிப்பான், வட்டம் போடுவான், அனுப்புவான். நிர்வாகம் வெகு அழகாக நடக்கிறது என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டும் இருந்தான்.

அன்று கடைக்குப் போனதும் ஊழியர் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டான். பெண்களின் எண்களில் பாதிக்கு மேல் ஆண்குரல்தான் எடுத்தது. கணவன், அண்ணன், மைத்துனன். ஓர் எண்ணில் மளிகைக் கடைக்காரர் எடுத்து, "யாருக்கு வோணும்? அந்த அம்மாவுக்கு எதுனா சொல்லணும்னா சொல்லுங்க, நான் சொல்லிடறேன்" என்றார். பாத்ரூம் செய்தியையும் இவர்தான் சொல்லியிருப்பாரோ? சுபைர் போனை வைத்தான். பதினெட்டாவது எண்ணுக்கு மேல் கூப்பிட முடியவில்லை.

மத்தியானம் பைக்கை எடுத்தான். தியாகதுருகம் மலைக்கோட்டை கண்ணில் பட்ட பிறகுதான், ஜெயம்மாவின் தெருப்பெயர்கூடத் தனக்குத் தெரியாது என்பது உறைத்தது. ஒன்பது வருடம் வேலை செய்தவள். நாலு இடத்தில் விசாரித்துப் போய்ச் சேர்ந்தான்.

ஜெயம்மாள் உள்ளே இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து முந்தானையால் துடைத்துப் போட்டாள். "வாங்க சின்ன மொதலாளி. உக்காருங்க." அவள் வாசற்கால் ஓரமாக நின்றுகொண்டாள்.

சுபைர் தலைகுனிந்தபோது அவள் கால்கள் தெரிந்தன. கணுக்கால் இருக்கும் இடமே தெரியாமல் வீங்கியிருந்தது. கேமராவில் கால் இத்தனை தெளிவாக விழாது.

"நீயும் உக்காரு ஜெயம்மா."

"இருக்கட்டும். நின்னே பழகிடுச்சி."

தொண்டையைச் செருமினான். "நடந்தது நடந்துபோச்சி. மனசுல வச்சிக்காத. நாளைக்கு வேலைக்கு வந்துடு."

கடையில் கைக்குழந்தைக்குக் கவுன் வாங்க வரும் இளம்பெண்ணையும் அவன் "வாங்க" என்பான். தலை நரைத்த வேலைக்காரியை "வா" என்பான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான்.

எதிர்வீட்டு வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த ஜெயம்மாளின் சம்பந்தி, இசைவாணியின் மாமியார் அமிர்தம் குரல் கொடுத்தாள். "இன்னா சம்பந்தியம்மா, மொதலாளியே வந்துட்டாரு! தூங்கனதுக்கு மால போட வந்தாரா?"

தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள். சுபைருக்குக் காது மடல் எரிந்தது. அந்தச் சிரிப்பை இரண்டு நாளாக இவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

குரலைத் தாழ்த்தி, "தப்புதான். மன்னிச்சிடு" என்றான்.

"மெல்ல சொல்றீங்க."

"இன்னா?"

"திட்டறப்ப ஊரே பாத்துச்சி சின்ன மொதலாளி. மன்னிப்ப மட்டும் எங்காதுல வந்து சொன்னா, நான் யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்? சொன்னாலும் நம்புவாங்களா?" அவள் குரலில் கோபம் இல்லை, கூலி பேசுகிறவளின் நிதானம் இருந்தது. "எங்க போட்டீங்களோ அங்க போடுங்க. சம்பந்தியம்மா படிக்கட்டும். அப்புறம் வர்றேன்."

சுபைர் போனை எடுத்தான். எருமை என்று எழுத மூன்று நொடி ஆகாத விரல் இப்போது நகர மறுத்தது. எழுதினான், அழித்தான். ஜெயம்மாள் நின்றபடியே காத்திருந்தாள். எல்லா ஊழியர்களும் பார்ப்பார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் பார்ப்பார்கள். மளிகைக் கடைக்காரர் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினான்.

எதிர்வீட்டில் போன் ஒலித்தது. இசைவாணி அதை எடுத்துக்கொண்டு தெருவுக்கே வந்து, நாலு வீட்டுக்குக் கேட்கும்படி வாசித்தாள்.

"'ஜெயம்மாள் அவர்கள் உட்கார்ந்தது தப்பு இல்லை. கால் வலித்தால் யாரும் உட்காரலாம். படம் எடுத்துப் போட்டதும், இதுவரை எழுதியதும் என் தப்பு. மன்னித்துவிடுங்கள். சுபைர்.'"

அமிர்தம் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"நாளைக்கு வாங்க" என்றான் சுபைர். அந்த 'ங்க' வெளியே வரச் சிரமப்பட்டது.

மறுநாள் காலையில் ஒவ்வொரு கவுன்ட்டருக்குப் பின்னாலும் ஒரு ஸ்டூல் போட்டுவைத்தான். பத்து மணிக்குக் கீழே இறங்கி வந்து பார்த்தான். ஜெயம்மாள் வந்திருந்தாள். ஆனால் அவளையும் சேர்த்து எல்லாரும் ஸ்டூலுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார்கள்.

சுடிதார் பிரிவில் இருசம்மாள். கடையிலேயே வயதானவள்.

"உக்காருங்க இருசம்மா."

அவள் முகம் வெளுத்தது. "நான் இன்னா தப்பு பண்ணேன் சார்?"

"ஒரு தப்பும் இல்ல. கால் வலிக்குமே, அதுக்குத்தான்."

"எனக்கு வலிக்கவே இல்ல சார்." அவள் கண்கள் கூரையில் இருந்த கேமராவுக்குப் போயின. அவசரமாக முந்தானையைச் சரிசெய்தாள். "சத்தியமா வலிக்கல சார். குரூப்புல இருக்கற நம்பரு எம் புள்ளையோடது சார். படத்தப் போட்டுடாதீங்க." குரல் உடைந்து அழுதுவிட்டாள்.

துணி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இனி சுபைர் எந்தச் சொல் சொன்னாலும் அது அவளுக்கு மிரட்டலாகத்தான் கேட்கும்.

ஜெயம்மாள் தன் கவுன்ட்டரை விட்டு வந்தாள். இருசம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மேல போங்க சின்ன மொதலாளி" என்றாள். "நீங்க நின்னுக்கினு இருந்தா இங்க ஒருத்தரும் உக்கார மாட்டாங்க."

சுபைர் படியேறினான். அறைக்கதவைத் திறந்தான். பதினாறு திரைகளும் எரிந்துகொண்டிருந்தன. அவர்கள் உட்கார்ந்தார்களா என்று பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது. பார்க்க முகம் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, வெளியே மாடிப்படியிலேயே உட்கார்ந்துகொண்டான்.