தொட்டதும் சொல்லுங்க

தொடு உணர்வுச் சோதனைக்காகப் பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லோரும் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கை சூடாக இருந்தால் தொடுவது நன்றாக உறைக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். இஸ்திரியக்கா மட்டும் தேய்க்கவில்லை.

"என் கை பார்க்காத சூடா?" என்றாள். பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

அந்தப் பயிற்சி நிலையத்தில் படிப்பவர்கள் யாருக்கும் கண் தெரியாது. மசாஜ் தொழில் கற்றுக்கொள்ள வந்தவர்கள், பெரும்பாலும் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த இளசுகள். இஸ்திரியக்கா நாற்பதைத் தாண்டியவள். ஆயத்த ஆடை கம்பெனியில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டே பாதி ஆயுசைக் கழித்தவள். கண் நரம்பு வாடத் தொடங்கி, அடுத்தடுத்துக் காலர்கள் கருகியபோது சூப்பர்வைசர் கூப்பிட்டார். "கண்ணு சரியானதும் வாங்கம்மா" என்று பக்குவமாக அனுப்பிவைத்தார். சரியாகாது என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

உள்ளே, பரிசோதிக்கும் மேடம் அவள் கையை மேசைமேல் விரித்து வைத்தாள். ஒரு குச்சியின் முனையில் நைலான் இழை. அது விரல் நுனியில் பட்டு லேசாக வளையும், அவ்வளவுதான்.

"தொட்டதும் சொல்லுங்க. தொடலேன்னா சும்மா இருங்க."

வலது கையில் எல்லா விரலுக்கும் டக்டக்கென்று பதில் வந்தது. இடது கைக்கு வந்ததும் அறை அமைதியாகிவிட்டது. சுவர்க் கடிகாரம் துடிப்பது கேட்டது. மேடத்தின் வளையல் நகர்ந்தது. வளையல் நகர்ந்தால் தொட்டிருக்க வேண்டும். 'ஆமா' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. இஸ்திரியக்கா அதை விழுங்கினாள்.

மேடம் தடித்த இழையை எடுத்தாள். அதற்கும் பதில் இல்லை.

"கட்ட விரல், ஆள்காட்டி விரல் ரெண்டும் மரத்துப்போயிருக்கு அக்கா. இப்படியே பாஸ் போட முடியாது. மெழுகுவத்தி செய்யற பிரிவுக்கு மாத்திடட்டுமா?"

"இஸ்திரிப் பொட்டி வலது கையில இருக்கும் மேடம். இடது கை முன்னாடி துணிய நீவிக்கிட்டே ஓடும். கொஞ்சம் பிந்தினா சுட்டுரும். சுட்டுச் சுட்டுத் தோல் காய்ச்சுப்போச்சு." கையை அவள் இழுத்துக்கொள்ளவில்லை. "மரத்தது தோலா நரம்பா?"

"தோல் தேஞ்சாத்தான் தெரியும்."

"அப்பத் தேய்ச்சுட்டு வரேன். நாள் குடுங்க. மெழுகுவத்தி வேண்டாம்."

மேடம் காகிதத்தைப் புரட்டினாள். "மாசக் கடைசியில இன்னொரு தடவ வைக்கிறேன். அன்னைக்கும் இதே மாதிரின்னா என்னைக் கோவிச்சுக்கக் கூடாது."

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும், கிடங்கில் மூட்டை தூக்கும் அவள் புருஷன் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்கும் நாரைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து பாத்திரம், துணி, தரை எல்லாம் அவன் கைக்குப் போயின. மூட்டை தூக்கிவிட்டு வந்த கையோடு குழாயடியில் குந்தினான். பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா?

"என்னப்பா, பொண்டாட்டிக்குச் சேவகமா?"

"அவ டாக்டராகப் போறா அண்ணே. நான் கம்பவுண்டர். இப்பவே பழகிக்கிறேன்."

சாயங்காலமானால் மகள் வெந்நீர்க் கிண்ணத்தோடு வந்து உட்காருவாள். விரல்களை ஊறவைத்து, கால் தேய்க்கும் கல்லால் மெல்லத் தேய்த்து, எண்ணெய் தடவுவாள். பிறகு தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி அம்மாவின் விரல்மேல் ஓட்டுவாள். சில சமயம் வேண்டுமென்றே தொடாமல் இருப்பாள். காய்ந்த தோல் செதில் செதிலாக உதிர்ந்தது. கீழே வந்த புதுத் தோல் எரிந்தது. எரிந்ததே தவிர, முடி படுவது தெரியவில்லை.

"தல சொட்டையாகப் போகுது எனக்கு" என்றாள் மகள்.

"ஆனா என்ன, உங்கப்பன் மாதிரி லட்சணமா இருப்ப."

ஒருநாள் மகள் வழக்கம்போல முடியைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். இஸ்திரியக்கா தலையைச் சாய்த்தாள்.

"தொட்டியா?"

"நீதான் சொல்லணும்."

"தொட்ட. ஆள்காட்டி விரல்ல. நகத்துக்குக் கீழ, ஓரமா."

மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. குழாயடியில் புருஷன் கையிலிருந்து தட்டு நழுவி உருண்டது.

மாசக் கடைசியில் அதே மேசை, அதே நைலான் இழை. இந்தத் தடவை இஸ்திரியக்கா வளையல் சத்தத்துக்குக் காது கொடுக்கவில்லை. விரலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டாள். "தொட்டீங்க... இங்க... இப்ப இங்க." கட்டை விரலுக்கு வந்ததும் அவளே முந்திக்கொண்டாள். "இதுல உள்பக்கம் இன்னும் சரியாத் தெரியல மேடம். எழுதிக்குங்க."

"அந்தளவு இருந்தாப் பரவாயில்ல. பாஸ்தான்." மேடம் இழையை உறைக்குள் வைத்தாள். "நடுநடுவுல நான் தொடாமலே இருந்தேன். முக்கால்வாசிப் பேர் ஆமான்னு சொல்லிடுவாங்க. ரெண்டு தடவையும் நீங்க ஒருமுறைகூடச் சொல்லல."

"தொடாததத் தொட்டதுன்னு இன்னைக்குச் சொன்னா, நாளைக்கு வலிக்கிற இடத்த விட்டுட்டு வேற இடத்த அமுக்குவேன் மேடம்."

வாசலில் மகளும் புருஷனும் நின்றிருந்தார்கள். அவன் கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டுச் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தான். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, "டாக்டரம்மா வராங்க, வழி விடுங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுத்தான். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, தலை நிமிர்ந்து, யாரோ அழைத்துப்போகிறவளைப் போல இல்லாமல் யாரையோ அழைத்துப்போகிறவளைப் போல நடந்தாள்.

படிப்பு முடிந்ததும் பயிற்சி நிலையமே வேலைக்குச் சொல்லிவிட்டது. பெரிய ஓட்டல் ஒன்றின் மசாஜ் பிரிவு. முதல் நாள் மேனேஜர் அவளை நீளமான நடைகூடத்தின் கடைசிவரை அழைத்துப்போனார். நடையில் நறுமண எண்ணெய் வாசனை வந்தது. கதவுகளுக்குப் பின்னால் மெல்லிய இசை கேட்டது. கடைசிக் கதவைத் திறந்ததும் அந்த வாசனை நின்றுபோய், சுண்ணாம்பும் ஈரமும் மணத்தன. முன்பு சாமான் போட்டு வைத்த அறையாக இருக்க வேண்டும்.

"கண்ணு தெரியறவங்களுக்கெல்லாம் அந்தப் பக்கம் ரூம் குடுத்துட்டோம். இது உங்களுக்கு."

இஸ்திரியக்கா ஜன்னல் இல்லாத சுவரைத் தடவி, கட்டிலை அளந்து, மின்விசிறி ஸ்விட்சைக் கண்டுபிடித்தாள். பக்கத்திலிருந்த இன்னொரு ஸ்விட்சையும் தட்டினாள்.

"அதுக்குப் பல்பு போடல" என்றார் மேனேஜர். "உங்களுக்கு எதுக்கு? வீண் கரண்டு." அவர் செருப்புச் சத்தம் நடையில் தேய்ந்து மறைந்தது.

அவள் துண்டை உதறி விரித்தாள். ஓரங்களை இழுத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டாள். எண்ணெய்க் கிண்ணத்தைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். நிமிர்ந்து நின்றாள்.

முதல் வாடிக்கையாளர் வந்தார். கதவு அவர் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. ஸ்டூலில் முழங்கால் இடித்தது.

"என்னம்மா இது, கண்ணே தெரியலயே! எங்க இருக்கீங்க?"

இருட்டில் காற்றைத் துழாவிக்கொண்டிருந்த அந்தக் கையை இஸ்திரியக்கா தன் இடது கையால் பிடித்தாள்.

"இப்படி வாங்க சார். மெதுவா. கட்டில் இங்க இருக்கு."