மாட்டுக் கொட்டகை பேனர்

முசரவாக்கத்தில் கண்ணாயிரம் கட்சியின் கிளைச் செயலாளர். அவர் படம் இல்லாத பேனர் அந்த ஊர்க் காற்றில் ஆடியதே கிடையாது. அப்பேர்ப்பட்டவருடைய மகள் அபிநயா மூன்றாம் வகுப்பில், அரும்புக் குழுவில் உட்கார்ந்திருந்தாள். எழுத்துக்கூட்டவே தடுமாறும் பிள்ளைகள் அரும்பு, ஓரளவு படிப்பவர்கள் மொட்டு, கடகடவென்று படிப்பவர்கள் மலர் என்று வகுப்பைப் பிரித்திருந்தார்கள். விஷயம் டீக்கடையில் காதில் விழுந்த அன்று கண்ணாயிரம் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

நேரே பள்ளிக்கூடம் போனார். கிரேஸ் டீச்சர் பொறுமையாகத்தான் சொன்னார். குழந்தை மட்டமில்லை, எழுத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்கிறாள், தினமும் தன் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இந்த வருடமே தேறிவிடுவாள் என்றார். கண்ணாயிரம் கேட்டால்தானே? தலைமையாசிரியர் வரைக்கும் போய்ப் பேசி, மகளை மலரில் உட்கார வைத்துவிட்டுத்தான் வீடு திரும்பினார். மலரில் அபிநயா பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்து வாயசைக்கக் கற்றுக்கொண்டாள், அவ்வளவுதான். கண்ணாயிரத்தின் மனைவி கிருஷ்ணவேணி இரண்டொரு தடவை சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை.

ஆவணியில் அபிநயாவுக்குக் காது குத்து. பேனர் இல்லாமல் காது குத்தா? காஞ்சிபுரத்தில் கொடுத்து அடித்த பேனர் மூன்று நாள் முன்னதாகவே வந்து சேர்ந்தது. வாசலில் விரித்தார்கள். நடுவில் அபிநயா, ஒரு பக்கம் கண்ணாயிரம், மறு பக்கம் அவளை மடியில் வைத்துக் காது குத்தப்போகிற தாய்மாமன் விமல்ராஜ், சுற்றிலும் பத்துச் சொந்தக்காரர்கள். எல்லாரும் கேட்கும்படி படிக்கச் சொன்னார் கண்ணாயிரம்.

அபிநயா விரலை வைத்து அப்பா கண்ணாயிரம், தாய்மாமன் விமல்ராஜ், பெரியப்பா, சித்தி என்று ஒரு தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். கூட்டம் கைதட்டியது. கண்ணாயிரத்துக்குத் தலைகால் புரியவில்லை. குனிந்து தன் படத்தை ஆசையாகப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் படத்துக்குக் கீழே ‘தாய்மாமன் விமல்ராஜ்’ என்று இருந்தது. மைத்துனன் படத்துக்குக் கீழே ‘தந்தை கண்ணாயிரம்’. பேனர் அடித்தவன் பெயரை மாற்றிப் போட்டுத் தொலைத்திருந்தான்.

கிருஷ்ணவேணியைத் தவிர வேறு யாரும் கவனிக்கவில்லை. சரியாகச் சொன்னோமா என்று மகள் பயத்தோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் சொன்னது கண்ணாயிரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. கிருஷ்ணவேணி பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“புஸ்தகத்தையும் இப்டித்தான் படிச்சிக்கினு இருக்குது. நீங்கதான் காதுல வாங்கல.”

வேறு பேனர் அடித்தார்கள், விழாவும் நல்லபடியாக முடிந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் கண்ணாயிரம் செருப்பைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் தயங்கி நின்றார்.

“அவள அரும்புலயே உக்கார வைங்க டீச்சர். தப்பு என்மேலதான்.”

டீச்சர் குத்திக் காட்டவில்லை. வீட்டில் தினமும் பத்து நிமிடம் கையில் கிடைத்ததைப் படிக்கச் சொல்லுங்கள், திணறினால் வார்த்தையை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்னார். வாயை மூடிக்கொண்டு பத்து நிமிடம் உட்காருவது கண்ணாயிரத்துக்கு மேடையில் இரண்டு மணி நேரம் பேசுவதைவிடப் பெரும்பாடு. ஆனாலும் உட்கார்ந்தார். சோப்பு உறை, நாள்காட்டி, பஸ் டிக்கெட் என்று தினமும் ஒன்றைப் படிக்கச் சொன்னார்.

தப்பான பேனர் மழைச் சாரலுக்கு மறைப்பாக மாட்டுக் கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்தது. தை பிறந்து ஒரு சாயங்காலம் கண்ணாயிரம் வைக்கோல் போட்டுக்கொண்டிருக்க, அபிநயா பேனர் முன்னால் போய் நின்றாள். அவர் படத்துக்குக் கீழே விரலை வைத்தாள். “தா… ய்… மா… ம… ன்.” அவர் கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு அசையாமல் நின்றார். “வி… ம… ல்…” அங்கே சிக்கிக்கொண்டது. வார்த்தை அவர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மென்று விழுங்கினார்.

“விமல்ராஜ்,” என்றாள் அபிநயா. படத்தை நிமிர்ந்து பார்த்தாள். எழுத்தை மறுபடி விரலால் தடவினாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, உன் போட்டோவுக்குக் கீழ மாமா பேரு போட்டுக்கீறாங்க. தப்பாக்கீதுப்பா.”

தன் பெயரை யாராவது தப்பாகப் போட்டால் ஊரையே இரண்டாக்குகிற மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத் துண்டால் துடைத்துக்கொண்டு, மாமா படத்துக்குக் கீழே என்ன இருக்கிறதென்று படிக்கச் சொன்னார்.