நாற்பத்தைந்து பெண்கள் குறைகிறார்கள்

ஆலிஸுக்குச் சக்களத்தியாக வந்தது அமெரிக்காவில் இருக்கும் ஓர் ஊர்.

பெயர் ஹார்வில். கோதுமைக் கப்பலில் வந்த மாலுமி ஒருவன், தன் ஊரின் பெருமையைச் சொல்லும் சிறு புத்தகம் ஒன்றை, துறைமுகத்தில் மூட்டை எண்ணும் டாலி கிளார்க் தாமஸுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அன்று பிடித்தது சனி. தாமஸ் அவளுடைய அத்தை மகன். ராயபுரம் மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு அவர்களுடைய கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலையும் வாசித்து யாரும் தடை சொல்லாவிட்டால், அடுத்தது தாலிதான்.

மாப்பிள்ளையோ பெண் வீட்டில் வந்து உட்கார்ந்து ஹார்வில் புராணம் படித்தான். ஜனத்தொகை 9,416. நூறு குடும்பத்தில் அறுபத்தொன்றுக்குச் சொந்த வீடு. எழுபது வீட்டில் ஐஸ் பெட்டி. ஆற்றோரக் காகித ஆலையில் ஆயிரத்து நூறு பேருக்கு வேலை. ஆலிஸ் புதுச் சேலை கட்டிக்கொண்டு இரண்டு தடவை குறுக்கே நடந்தாள், அவன் நிமிரவில்லை. வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாதே என்று வஞ்சிரக் குழம்பு வைத்துப் போட்டாள். அதைச் சாப்பிட்டுக்கொண்டே, ஹார்வில்காரன் வருஷத்துக்கு எத்தனை ராத்தல் இறைச்சி தின்கிறான் என்று கணக்குச் சொன்னான். அவள் இரண்டாம் துண்டு மீனைச் சட்டியிலேயே விட்டு மூடினாள்.

கடைசியில் குண்டைப் போட்டான். ஆலைக்கு வேலை கேட்டு எழுதப் போகிறானாம். பதில் வரும்வரை மூன்றாம் ஓலையை நிறுத்தி வைக்கும்படி பங்குச் சாமியாரிடம் சொல்லப் போகிறானாம்.

அவன் கை கழுவப் போன நேரத்தில் புத்தகம் அரிசிப் பானைக்குள் போய்விட்டது.

கான்வென்டில் எட்டாவது வரை படித்த இங்கிலீஷ், ராத்திரி அதை எடுத்துப் படிக்கக் கைகொடுத்தது. ஆண்கள் 4,492. பெண்கள் 4,924. நானூற்று முப்பத்திரண்டு பெண்கள் அதிகம்! அவனை எது இழுக்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. இவர்களில் கல்யாண வயசுக்காரிகள் எத்தனை பேர்? வயதுவாரியாகப் போட்டிருந்த பெண்கள் பட்டியலை அடுப்புக்கரியால் சுவரில் எழுதிக் கூட்டினாள். கூட்டியது உதைத்தது. மூன்று தடவை கூட்டினாள். மூன்று தடவையும் 4,879தான் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் துறைமுக வாசலில் போய் நின்றாள்.

"மாமா, ஒரு மூட்டை கொறஞ்சா கையெழுத்துப் போடுவியா?"

"வேலை பூடும். ஏன்?"

"நாப்பத்தஞ்சு பொம்பளைங்க கொறயுது."

தாமஸ் சிரித்தான். அவள் நீட்டிய புத்தகத்தை வாங்கிப் பார்த்தான். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, மேலிருந்து கீழே ஒரு தடவையும் கீழிருந்து மேலே ஒரு தடவையும் கூட்டினான். ஆறு வருஷமாக ஒரு மூட்டை தவறவிடாதவன். அவன் முகம் சுருங்கிப் போயிற்று.

"இன்னா ஊரு இது? சொந்த ஜனத்தயே எண்ணத் தெர்ல."

"உன்னிய மட்டும் கரீக்டா எண்ணிடுவாங்களாக்கும்" என்றாள் ஆலிஸ்.

சாமியாரிடம் அவன் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. யாரும் தடை சொல்லவில்லை.

கோயிலை விட்டு இறங்கும்போது தாமஸ் தயங்கினான். கணக்கு இடித்துக்கொண்டே இருக்கிறது, அந்த நாற்பத்தைந்து பேர் யார் என்று ஹார்விலுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்கப் போகிறேன் என்றான்.

ஆலிஸ் படியிலேயே நின்றுவிட்டாள். அவள் கண்முன் வந்து நின்ற நாற்பத்தைந்து பேருக்கும் இருபது வயசு. எல்லோரும் தொப்பி போட்டிருந்தார்கள்.

"நீ எழுதாத மாமா. வெலாசத்த என்கிட்ட குடு. நானே கேக்கறேன்."